பதினான்காவது வார்டு வளர்ந்த கதை

நெடுமேட்டுப்பாளையம் நகராட்சிக்குத் தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில் பதினான்காவது வார்டில் நிலம் வளரத் தொடங்கியது. அதை முதலில் கண்டவள் குழாய் ரிப்பேர் பார்க்கிற மயிலாத்தாள்தான் என்றாலும், தாங்கள்தான் முதலில் கண்டோம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அந்த வார்டில் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மூன்றாம் வீதியில் ரைஸ்மில் பொங்கியண்ணன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாகப் போகிற குழாய் ஒழுகுகிறதென்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தோண்டிப் பார்த்தால் இணைப்பு பிய்ந்திருந்தது. பழசாகிப் பிய்ந்த மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்துப் பிரித்த மாதிரி நடுவே மூன்று விரற்கடை இடைவெளி இருந்தது. பைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து வைத்து ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாளும் கூப்பிட்டார்கள். அன்றைக்கு இடைவெளி ஒரு சாணாகியிருந்தது. அந்த ஒரு சாணிலும், யாரும் கொண்டுவந்து கொட்டாத புதுச் செம்மண் ஈரம் மாறாமல், இத்தனை நாளும் அங்கேயே கிடந்தது போலக் கிடந்தது.

வீடுகள் வளரவில்லை, வீட்டுக்குள்ளிருந்த அறைகளோ கட்டிலோ அண்டாவோ வளரவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், வாசலுக்கும் வீதிக்கும் நடுவில், ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் எங்கெல்லாம் கொஞ்சம் இடைவெளி இருந்ததோ அங்கெல்லாம் மண் சத்தமில்லாமல் வளர்ந்தது. ஒரு சுவரிலும் விரிசல் விழவில்லை, ஒரு ஓடும் சரியவில்லை. மூன்று சென்ட் வைத்திருந்தவர் ஒரு வாரத்தில் நாலு சென்ட்டுக்காரர் ஆனார், அடுத்த வாரத்தில் ஆறு சென்ட்டுக்காரர் ஆனார். வார்டு கிழக்கே கிழக்கே நீண்டுகொண்டு போக, அந்தப் பக்கமிருந்த மேய்ச்சல் காடு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் பயந்தார்கள். மண்ணைப் படித்த அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இளநீர் குடித்துவிட்டு, இதை ஆராய வேண்டும் என்று சொல்லிப் போனார். சர்வேயர்கள் வந்து மூன்று தடவை டேப் பிடித்தார்கள். மூன்று தடவையும் மூன்று அளவு வந்தது. நாலாவது தடவை அளக்காமல் வரைபடத்தைப் பென்சிலில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து பயம் போய்விட்டது. வளர்ந்த மண்ணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், செவ்வாய்க்கிழமையில் தேங்காய் உடைத்தார்கள். ஒரு அடிச் சந்துக்காகப் பதினாறு வருஷம் வழக்காடிய அண்ணன் தம்பி இரண்டு பேர், அந்தச் சந்தில் லாரியே போய்த் திரும்பலாம் என்கிற அளவுக்கு இடம் வந்த பிறகு, புதுசாக வந்த இடம் யாருக்கு என்று இன்னொரு வழக்குப் போட்டார்கள். பதினான்காம் வார்டு மாப்பிள்ளைகளுக்கு ஜாதகம் குவிந்தது. பக்கத்துப் பதினைந்தாம் வார்டு ஜனங்கள் விடிகாலையில் கிண்ணத்தோடு வந்து ஒரு கைப்பிடி மண் கேட்டு வாங்கிப் போய், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரித் தங்கள் வாசலில் போட்டுக் காத்திருந்தார்கள். அங்கே ஒரு விரற்கடையும் வளரவில்லை. இங்கே, மதில் மேல் முழங்கை ஊன்றிக் குழம்பு கொடுத்து வாங்கிய பெண்கள் கொஞ்ச நாள் சத்தம் போட்டுப் பேசினார்கள், அப்புறம் போனில் பேசினார்கள், அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே வருகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வழக்கம் போய், நல்லா வளருதுங்களா என்று கேட்கிற வழக்கம் வந்தது.

மண் வளர்ந்ததே தவிர, குழாய் வளரவில்லை. இதை அந்த வார்டில் மயிலாத்தாளை விட நன்றாக அறிந்தவர் ஒருவருமில்லை. அவள் புருஷன் சென்னியப்பன் மேல்நிலைத் தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் ஸ்பானர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினவள், இருபத்தொரு வருஷமாக அந்த வார்டின் எல்லாச் சமையலறைக்குள்ளும் போய் வந்திருக்கிறாள். எந்த வீட்டுக்கு மெயின் குழாயிலிருந்து திருட்டு இணைப்பு உண்டு, எந்த வீதி வால்வை யார் சொன்னால் திறப்பார்கள், எந்த வீட்டில் கழிவுநீர்த் தொட்டியே கட்டாமல் நேரே சாக்கடையில் விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் விடிந்ததும் கிளம்பிப் பிய்ந்த இணைப்புகளை ஒட்டினாள். நேற்று ஒட்டியதைத் தாண்டி இன்று ஒரு முழம் பிரிந்தது. ஊரிலிருந்த கடைகளில் குழாய் தீர்ந்தது. விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கம்பிகள் விறைத்து அறுந்தன. குப்பை எடுக்கிற பேட்டரி வண்டி வார்டில் பாதி தூரம் போனதும் உயிர் விட்டு நின்றது. மினிபஸ்காரன் இரண்டு நிறுத்தம் குறைத்தான். ரேஷன் கடைக்குப் போனவர்கள் மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் வீட்டுக்காரர்கள் குறைப்படவில்லை. நாலு குடம் தண்ணீர் வந்த இடத்தில் ஒரு குடம் வந்தாலும், அந்த ஒரு குடத்தையும் பத்து சென்ட் மனைக்குச் சொந்தக்காரராக நின்று பிடித்தார்கள்.

வார்டின் கிழக்கோடியில் துப்புரவுப் பணியாளர் காலனி இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நகராட்சி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். ஒரே கூரை, வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். இடைவெளியே இல்லாததால் அங்கே வளர்வதற்கு ஒன்றுமில்லை. மேற்கே ஊர் வளர வளர, அந்தக் காலனி மட்டும் தான் இருந்த அளவிலேயே ஒரு பெட்டியைப் போலத் தள்ளப்பட்டுக்கொண்டே போனது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் வார்டின் மேற்குத் தலைமாட்டில் இருந்தன. முன்பு காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீட்டர். மூன்றாவது வாரத்தில் அது நாலரை ஆகியிருந்தது.

காலனியில் ரத்தினாள் என்று ஒருத்தி இருந்தாள். நகராட்சியின் ஒப்பந்தப் பணியாளர். சாக்கடை அடைப்பு எடுப்பவள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற ஊரில், மயிலாத்தாளும் அவளும் பதினைந்து வருஷமாக ஒரே குழிக்குள் இறங்கி ஏறியவர்கள். குழிக்குள் ஒரே டம்ளரில் டீ குடித்தார்கள். குழிக்கு வெளியே எந்த வீட்டுக்காரரும் ரத்தினாளுக்கு டம்ளர் கொடுத்ததில்லை. மயிலாத்தாளுக்கு அது தெரிந்தே இருந்தது, அதற்காக அவளும் எந்த வீட்டிலும் டீயை மறுத்ததில்லை. பின்னாளில் அவளை உறுத்திய பல விஷயங்களில் இதுவும் ஒன்று.

வேட்புமனு வாங்க ஆரம்பித்த அன்று ரத்தினாள் வந்து, அக்காதான் கவுன்சிலருக்கு நிற்க வேண்டும் என்றாள். மயிலாத்தாள் சிரித்தாள். தனக்குக் கட்சியுமில்லை காசுமில்லை, மைக் பிடித்துப் பேசியதும் இல்லை என்றாள். ரத்தினாள் சிரிக்கவில்லை.

"வளர்றதெல்லாம் எங்களுக்கும் ஊருக்கும் நடுவுலதானுங்க்கா வளருது," என்றாள். "இன்னும் ரண்டு மாசம் போனா எங்களக் கண்ணுக்கே தெரியாதுங்க."

மயிலாத்தாள் சுயேச்சையாக மனுப் போட்டாள். சின்னமாகத் தண்ணீர்க் குழாய் கேட்டாள். குலுக்கலில் தையல் மிஷின் வந்தது. துணி தைக்கத் தெரியுமா என்று வார்டே கேலி பேசியது. நோட்டீஸில் அவள் சொன்னதெல்லாம் அவள் தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து வந்த விஷயங்கள்தான். வளர்கிற மண்ணை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குழாயும் சாக்கடையும் விளக்கும் போய்ச் சேருகிற வரைக்கும் வளர்ந்த மண்ணை யாரும் மனை போட்டு விற்கக் கூடாது. கிழக்குப் பக்கத்தில் இன்னொரு ரேஷன் கடையும் ஒரு நர்ஸ் தங்குகிற சின்ன ஆஸ்பத்திரியும் வேண்டும். பேட்டரி வண்டி பாதியில் நிற்காதபடி நடுவில் சார்ஜ் ஏற்ற ஒரு கொட்டகை வேண்டும். இதையெல்லாம் அவள் பாட்டாகவோ முழக்கமாகவோ சொல்லவில்லை. தொட்டி கழுவ என்ன ஆகும் என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

எதிரே நின்றவர் வடுகநாதன். மனை வாங்கி விற்கிறவர், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ எது ஜெயிக்குமோ அதில் இருப்பவர். அவரைக் கெட்டவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எல்லா வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும், சாவு வீட்டில் கடைசி வரைக்கும் நிற்பார், கேட்டுக் கேட்டுத் தலையாட்டுவார். வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியாது என்பது ஒன்றே அவர் கொள்கை. வளர்ந்த மண்ணுக்கெல்லாம் பட்டா, ஒரு ரூபாய் வரி கிடையாது என்றார். தான் வந்த நேரம்தான் மண் வளர்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததுமில்லை.

மயிலாத்தாளும் ரத்தினாளும் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதே ஒரு நடையாகிவிட்டதால் ஒரு நாளைக்கு இருபது வீடுதான் பார்க்க முடிந்தது. மேற்கு வீதிகளில் ரத்தினாள் கேட்டுக்கு வெளியிலேயே நோட்டீஸ் கட்டோடு நின்றுகொண்டாள். உள்ளே மயிலாத்தாளுக்குக் காபி கொடுத்தார்கள். அவள் சொல்வதெல்லாம் நியாயம்தான் என்றார்கள். நம்ம மயிலாத்தாள், நம்ம வீட்டுக் குழாய் பார்க்கிறவள், அவளுக்குப் போடாமல் யாருக்குப் போடுவது என்றார்கள். கடைசியில், அவள் படியிறங்கும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதை நேருக்கு நேராகக் கேட்டவர் பொங்கியண்ணன். நீ ஜெயித்தால் வளர்ந்த மண்ணுக்கு வரி போடுவாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகள் ஏற்கனவே போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"போடோணுமுங்க," என்றாள் மயிலாத்தாள். "மண்ணு சும்மா வந்துதுங்க. குழாய் சும்மா வராதுங்களே."

பொங்கியண்ணன் காபி டம்ளரை வாங்கி உள்ளே கொடுத்தார். அன்று பொழுதோட அந்த வார்த்தை வார்டு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வார்டு அத்தனை நீண்டு கிடந்தும் அதற்கு மட்டும் ஒரு தூரமும் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து காபி கொடுத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை.

ஓட்டுப்பதிவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மத்தியான வெயிலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலனிக்குத் திரும்பிய ரத்தினாளுக்கு நெஞ்சு வலித்தது. அவள் புருஷன் மாரப்பன் போன் போட்டான். ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. டிரைவர் நல்ல பையன், மிதித்துத்தான் ஓட்டினான். கூடவே வந்திருந்த மயிலாத்தாள் உள்ளே ரத்தினாளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் பங்க் வந்தது. வெகு நேரம் கழித்துத்தான் பெட்ரோல் பங்க் போனது. ரத்தினாள் ஒரு தடவை கண்ணைத் திறந்து, இரண்டாம் வீதியில் ஒரு கட்டு நோட்டீஸ் கொடுக்காமலே மிச்சமிருக்கிறது, கேட்டுப் பக்கத்தில் கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள், குடித்தாள். ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தபடியே இருந்தது. வண்டி அதைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே கொண்டு போனபோது டாக்டர் அவள் கண்ணைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டார்.

வார்டு வருத்தப்பட்டது. பொய்யாக இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டது. கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தவர்கள் கூடக் காலனி வரைக்கும் போய்க் கைகூப்பிவிட்டு வந்தார்கள். தூரம் அதிகம் என்பதால் கார் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வடுகநாதன் மாலை வாங்கி வந்தார், மண் தள்ளுகிற வரைக்கும் வெயிலில் நின்றார், இரங்கல் கூட்டத்தில் பேசும்போது பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தாயின் பெயர் இந்த ஊரில் நிலைக்க நான் வழி செய்வேன், நான் ஜெயித்தாலும் தோற்றாலும் செய்வேன் என்றார். மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கம் போலத் தங்கள் மண்ணை அளந்தார்கள். ரோடு அகலமாக இருந்திருந்தால் அந்தப் பொம்பளை பிழைத்திருப்பாள் என்று டீக்கடையில் நாயம் பேசினார்கள். மாலைக்குள் வடுகநாதனின் நோட்டீஸில் ஆறு வழிச் சாலை ஒன்று சேர்ந்துகொண்டது.

மயிலாத்தாளுக்கு விலகிவிடலாம் என்றிருந்தது. வாபஸ் வாங்கும் தேதி முடிந்திருந்தது. நிற்கச் சொன்னவளைத் தான்தான் வெயிலில் நடத்திக் கொன்றுவிட்டதாக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் இரண்டாம் வீதிக்குப் போய்க் கல்லுக்கு அடியிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்து, அங்கிருந்து தொடங்கினாள்.

ஓட்டுப்பதிவு பள்ளிக்கூடத்தில், காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. அதுவரைக்கும் இல்லாத வேகத்தில் அன்றைக்கு நிலம் வளர்ந்தது. காலனி ஜனங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் விடிகாலையில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு வேட்பாளர் ஓட்டுப் போட ஆட்களை வண்டியில் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. வடுகநாதனின் வேன்கள் மேற்கு வீதிகளில் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன, கோயில் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் காலனியிலிருந்து ஒரு ஆள் கூட வந்து சேரவில்லை. மயிலாத்தாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிழக்கே போனாள். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் தனித்தனியாக, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே மண் வளர்ந்துகொண்டே இருக்க, ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காத தூரத்தில் அவர்கள் நடந்து வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். முன்னால் எடுத்து வைக்கிற அடியில் பாதியை ரோடு தின்றுகொண்டிருந்தது. வயசானவர்கள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கண் தெரியாத ஒரு கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அவர் பேத்தி மட்டும் எல்லோரையும் தாண்டி முன்னால் வந்துவிட்டிருந்தாள். பிடித்த கைகளுக்கு நடுவில் மண் வளரவில்லை. மயிலாத்தாள் இருபத்தொரு வருஷமாக இணைப்புப் பார்க்கிறவள். அவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொபெட்டை ஓரமாகப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கை சேர்த்து விட்டாள். கைக்குழந்தைக்காரிகளின் முந்தானையைப் பக்கத்து ஆளின் கையில் முடிந்து விட்டாள். மாரப்பன் கடைசி ஆளாக நின்றுகொண்டான். அந்த நீளத்துக்கு மட்டும் ரோடு வளர்வது நின்றது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வரிசையின் தலை பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தது. வால் கிழக்கே ரோடு திரும்புகிற இடத்துக்கும் அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வடுகநாதனின் ஏஜென்ட் இது வரிசையில்லை, ஊர்வலம், இதற்கு அனுமதி வாங்கவில்லை என்று கத்தினான்.

தேர்தல் அதிகாரி வெளியூர்க் கணக்கு வாத்தியார். புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். முடிகிற நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஓட்டுப் போடலாம், கடைசியில் நிற்கிறவரிலிருந்து சீட்டுக் கொடுத்து வர வேண்டும் என்று அதில் இருந்தது. வரிசை எத்தனை நீளம் இருக்கலாம் என்று இல்லை.

"கை விடாம நிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"விடமாட்டாங்க சார்," என்றாள் மயிலாத்தாள்.

அவர் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வால் வரைக்கும் போய், மாரப்பனுக்கு ஒன்றாம் நம்பர் சீட்டைக் கொடுத்து, அங்கிருந்து நடந்தே திரும்பி வந்தார்.

மயிலாத்தாள் பதினொரு ஓட்டில் ஜெயித்தாள். மேற்கு வீதிகளில் அவளுக்கு எத்தனை கொஞ்சமாக விழுந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள் அதை வெளியே சொல்லவில்லை. காலனியில் பறையடித்தார்கள், சத்தம் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

முதல் கவுன்சில் கூட்டத்துக்கு அவள் புதுச் சேலை கட்டி, நோட்டீஸில் சொன்னதையெல்லாம் தீர்மானமாக எழுதி எடுத்துப் போனாள். அதை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் வேறொரு தீர்மானம் இருந்தது. நகராட்சி அலுவலகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற குடியிருப்புக்குக் குடிநீரும் விளக்கும் கொடுக்க விதியில் இடமில்லை என்று ஆணையாளர் படித்தார்; துப்புரவுப் பணியாளர் காலனி இப்போது ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது, ஆகவே அதை நகராட்சி எல்லையிலிருந்து நீக்கலாம். மயிலாத்தாள் எழுந்து, அவர்கள் நகரவில்லை, ஊர்தான் நகர்ந்தது என்றாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். தலைவர் அவளை அம்மிணி என்று கூப்பிட்டு, உங்கள் வேதனை எங்களுக்குப் புரியாமல் இல்லை என்றார். அப்படியானால் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டாள். அதை வருவாய்த் துறை முடிவு செய்யும் என்றார்கள். அவர்கள் வேலை என்ன ஆகும் என்று கேட்டாள். வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், விடிகாலை ஐந்து மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். அவளைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். காலனி ஓட்டில் வந்த உங்களுடைய வெற்றியும் செல்லும், அதிலும் சந்தேகமில்லை என்று ஆணையாளர் அவளுக்குத் தனியாகச் சொன்னார். அவள் எழுதி எடுத்துப் போன தீர்மானம் நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்குப் போனது. அடுத்த கூட்டத்திலும் அதற்கு நேரமிருக்கவில்லை.

காலனியை வெளியே விட்டு எல்லைக்கல் நட்ட அன்று நிலம் வளர்வது நின்றது. மறுநாள் காலையில் அளந்தவர்கள் நேற்றைய அளவே இருப்பதைக் கண்டார்கள். ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு, போதும், இதற்கு மேல் வளர்ந்தால் பராமரிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு டேப்பைச் சுருட்டி வைத்தார்கள். வளர்ந்த மண்ணுக்குப் பட்டா வந்தது. மெல்ல மெல்லக் குழாயும் போனது, விளக்கும் போனது. நடுவில் பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டகையும் வந்தது. அவள் கேட்டதில் பாதி, கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நடந்தது. மயிலாத்தாள் வந்த நேரம் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று பொங்கியண்ணன் உட்பட எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு மறுபடியும் நாற்காலி போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து வடுகநாதன் வளர்ந்த மண்ணை வாங்கிச் சேர்த்து மனை பிரித்தார். முகப்பில் இரும்பு வளைவு வைத்து, ஆள் உயர எழுத்தில் ரத்தினாள் நகர் என்று பெயர் போட்டார். அந்தத் தேர்தலில் காலனியைப் பற்றிச் சொன்ன வாக்குறுதிகளில் சொன்னபடியே நிறைவேறியது அது ஒன்றுதான். அங்கே மனை வாங்குகிறவர் யார் எவர் என்று விசாரித்துத்தான் விற்றார்கள். அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எழுத வேண்டியிருக்கவுமில்லை.

மயிலாத்தாளுக்கு அந்த எழுத்துக்களைப் பார்க்கவே பொறுக்கவில்லை. செத்தவளின் பெயரைப் பயன்படுத்த அவள் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று யாரோ வக்கீல் சொல்லி, மனு எழுதி வாங்கினாள். மாரப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் பெயரை எடுக்க வைத்துவிடலாம். விடிந்த கையோடு அவனைத் தேடிக் காலனிக்குக் கிளம்பியவளுக்கு அத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவன் வளைவுக்கு அடியிலேயே கூட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் ஐந்துக்கு வந்து சேர முடிகிறது, இந்த வீதிதான் வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றான். அவன் ஆள் பாதியாகியிருந்தான். அவள் மனுவைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொன்னாள். இந்தப் பெயரை வைத்துத்தான் மனை விற்கிறான், உங்கள் ஆள் ஒருவருக்கு இங்கே ஒரு அடி மண் கொடுப்பானா என்று கேட்டாள். சொல்லும்போது அவள் குரல் ஏறிவிட்டது.

மாரப்பன் கடைசி வரைக்கும் கேட்டான். மனுவைக் கையில் வாங்கவில்லை. கை அழுக்கு என்று பின்னால் கட்டிக்கொண்டான்.

"எடுக்க வேண்டாமுங்க்கா," என்றான்.

மாரப்பன் வளைவை அண்ணாந்து பார்த்தான்.

"நாங்கதான் வெளிய போயிட்டம். அவ பேராச்சும் ஊருக்குள்ள இருக்கட்டுமுங்க."

அவள் மனுவை மடித்துப் பைக்குள் ஸ்பானர்களுக்கு நடுவே வைத்தாள். டீ சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டாள். ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும், வீட்டுக்காரர்கள் வாக்கிங் வந்துவிடுவார்கள் என்றான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வளைவின் நிழல் ரோட்டின் குறுக்கே நீளமாக விழுந்தது. ஏழு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டியவன், அவசரமே இல்லாமல், எழுத்துக்களின் நிழல் விழுந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை கூட்டினான்.